எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் திறக்காதீர்கள், சத்தத்தைக் கேளுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் கேள்வி-பதில் பகுதியில், டெஸ்க்டாப் கம்ப்யூட்டரின் பவர் சப்ளையிலிருந்து, அதாவது நாங்கள் எஸ்.எம்.பி.எஸ். என்று சொல்லும் பெட்டியிலிருந்து, விநோதமான சத்தம் வருகிறது, என்ன செய்வது என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். ஃபேனில் எண்ணெய் வற்றியிருக்கும், பெட்டியைக் கழற்றி மூடியைத் திறந்து நடுவில் இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள், சரியாகிவிடும் என்று பதில் வந்திருந்தது. 22 வருடமாகக் கம்ப்யூட்டர் பழுது பார்த்துப் பிழைக்கிறவன் நான். அந்தப் பதிலைப் படித்ததிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை. என்ன சத்தம், எப்போது வருகிறது என்று ஒரு வார்த்தை கேட்காமலே மருந்து சொல்லியிருக்கிறார்கள். அந்த மருந்தும் உயிருக்கு ஆபத்தானது.

ஆபத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு எஸ்.எம்.பி.எஸ்.ஸில் ஃபேன் சுற்றவில்லை என்று மூடியைத் திறந்தேன். பிளக்கைப் பிடுங்கிப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. கரண்ட் இல்லாத பெட்டியில் என்ன பயம் என்று நினைத்தேன். போர்டை இடது கையால் தூக்கியபோது, அடிப்பக்கத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு ஈயப் பொட்டுகளின் மேல் கட்டைவிரல் பட்டது. அடுத்த நொடி கை என் வசத்தில் இல்லை. முழங்கை பின்னால் இருந்த இரும்பு அலமாரியில் போய் மோதியது. போர்டு தரையில் கிடந்தது. சாயங்காலம் வரை விரல்கள் மரத்தே இருந்தன. கட்டைவிரல் நுனியில் வெள்ளையாக ஒரு புள்ளி, தீக்குச்சி பட்டதுபோல.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அண்ணன் திட்டவில்லை. அதே மாதிரி இன்னொரு எஸ்.எம்.பி.எஸ்.ஸை எடுத்து பிளக்கில் மாட்டி, உடனே பிடுங்கினார். ஹோல்டரில் மாட்டிய ஒரு குண்டு பல்பின் இரண்டு வயர் முனைகளையும், கையில் படாமல், உள்ளே மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பெரிய கெப்பாசிட்டரின் இரண்டு கால்களில் வைத்தார். பல்ப் பளிச்சென்று எரிந்து அணைந்தது.

"பிளக்கைப் பிடுங்கினா செவுத்துக் கரண்டுதான்டா தம்பி போகும். இதுக்குள்ள குடிச்சு வச்ச கரண்ட் எங்க போகும்?" என்றார்.

230 வோல்ட் மாறுமின்சாரம் இந்தப் பெட்டிக்குள் நுழைந்ததும் நேர்மின்சாரமாக மாற்றப்படுகிறது. அப்போது அந்தக் கெப்பாசிட்டரில் ஏறி நிற்பது 230 அல்ல, ஏறக்குறைய 325 வோல்ட். இப்போது வரும் பெரும்பாலான நல்ல எஸ்.எம்.பி.எஸ்.களில் பவர் ஃபேக்டரைத் திருத்தும், அதாவது சுவர் மின்சாரத்தைச் சீராக இழுக்க வைக்கும் சுற்று ஒன்று உண்டு. அவற்றில் 380 வோல்ட்டையும் தாண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகு இந்தச் சேமிப்பு மெல்ல வடிந்துபோக ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள். ஆனால் பழுதான பெட்டியில் அந்த ரெசிஸ்டர் மட்டும் நன்றாக இருக்கும் என்று யார் உத்தரவாதம் தர முடியும்? சத்தம் வருகிறது என்பதால்தானே திறக்கிறோம், பழுது எங்கே என்று தெரியாமல்தானே திறக்கிறோம்? மூடியின் மேல் எச்சரிக்கை ஒட்டியிருப்பது சும்மா இல்லை.

எண்ணெயும் சரியான யோசனை இல்லை. கைக்குக் கிடைக்கும் எண்ணெய் அந்தப் பேரிங்குக்கு உரியது அல்ல. விட்ட அன்று சத்தம் அடங்கும், சில வாரங்களில் எண்ணெய் தூசியோடு சேர்ந்து பசையாகும், ஃபேன் முன்பைவிட மோசமாக இழுக்கும். ஃபேன் நின்றால் பெட்டிக்குள் சூடு ஏறும். உள்ளே திரவம் உள்ள எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டருக்குப் பத்து டிகிரி சூடு கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. மூடியைத் திறந்துவிட்டால் வாரண்டியும் போய்விடும். 5 வருடம், 7 வருடம், ஏன் 10 வருடம் வரைகூட வாரண்டி தரும் எஸ்.எம்.பி.எஸ்.கள் இருக்கின்றன. சீலைக் கிழிப்பதற்கு முன் பில்லைத் தேடிப் பார்க்க வேண்டாமா?

இனி சத்தத்துக்கு வருகிறேன். நான் இந்தக் கடிதம் எழுதுவதே முக்கியமாக அதற்காகத்தான்.

போன் செய்கிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் "ஒரு மாதிரி சத்தம் வருதுங்க" என்பார்கள். "எந்த மாதிரிங்க? வாயால அந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்டுங்க" என்பேன். முதலில் கூச்சப்படுவார்கள். பக்கத்தில் ஆள் இருந்தால் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். ஆனால் போட்டுக் காட்டிவிட்டால் பாதிப் பழுது அங்கேயே தெரிந்துவிடும். சத்தத்துக்கு நம் மொழியில் இருக்கிற சொற்களைப் போல வசதி வேறெதுவும் இல்லை. பள்ளியில் இரட்டைக்கிளவி என்று படித்துவிட்டு மறந்துபோனோமே, கறகற, சடசட, கடகட, அவைதான் எனக்குத் தினமும் சோறு போடுகின்றன. கறகற என்று ஒருவர் சொன்னால் எனக்கு ஃபேனின் பேரிங் தெரிகிறது. கடகட என்றால் கழன்ற ஸ்க்ரூ. ஈ மொய்ப்பதுபோல் ஙொய்யென்று என்றால் இரும்பு மையம் கொண்ட காயில், அதாவது கம்பிச் சுருள், அல்லது டிரான்ஸ்பார்மர். ஊசியால் காதைக் குத்துவதுபோல் கீச்சென்று என்றால் ஃபெரைட் என்ற காந்தப் பீங்கானை மையமாகக் கொண்ட காயில். சடசட என்று சொன்னால் மறுபேச்சே கிடையாது, "இப்பவே பிளக்கைப் பிடுங்குங்க" என்பேன். அதைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன், அது எனக்குக் கொஞ்சம் கனமான விஷயம்.

சொல் கிடைத்ததும் அடுத்த கேள்வி, எப்போது என்பது. கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்த பிறகும், பிளக் மாட்டியே இருக்கும்போது சத்தம் வருகிறதா? வந்தால் ஹார்டு டிஸ்க்கும் இல்லை, கிராபிக்ஸ் கார்டும் இல்லை, எந்த ஃபேனும் இல்லை. எல்லாம் உறங்குகின்றன. அந்த நேரத்திலும் விழித்திருப்பது எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் இருக்கும் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை சுற்று ஒன்றுதான். பவர் பட்டனைத் தொட்டதும் கம்ப்யூட்டர் எழுந்துகொள்வது அது விழித்திருப்பதால்தான். அங்கிருந்து மெல்லிய கீச்சொலி வாங்கிய நாளிலிருந்தே வருகிறது என்றால் கவலை இல்லை. புதிதாக வர ஆரம்பித்திருக்கிறது, கூடவே காலையில் இரண்டு மூன்று தடவை பட்டனை அழுத்தினால்தான் ஆன் ஆகிறது என்றால், அந்தச் சுற்றின் சின்னக் கெப்பாசிட்டர் வற்றிக்கொண்டிருக்கிறது என்று சந்தேகப்படுவேன்.

ஆன் செய்த முதல் ஐந்து நிமிடம் மட்டும் கறகறவென்று வந்து, சூடானதும் தானே அடங்கிவிட்டால் ஸ்லீவ் பேரிங் ஃபேன், அதாவது குண்டுகள் இல்லாமல் வெறும் குழலுக்குள் அச்சு சுற்றும் வகை. உள்ளே இருக்கும் மசகு கெட்டியாகிவிட்டது, சூட்டில் இளகுகிறது. இது அறிகுறியின் ஆரம்பம். சில மாதம் கழித்து அடங்க அரை மணி ஆகும், பிறகு அடங்கவே அடங்காது. ஆன் செய்யும்போதும் ஆஃப் செய்யும்போதும் டக்கென்று ஒரே ஒரு சத்தம் வருவதைப் பார்த்துப் பயந்து வருகிறவர்கள் நிறைய. அது பழுதே இல்லை. பல எஸ்.எம்.பி.எஸ்.களில் ரிலே என்ற, மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச் ஒன்று இருக்கிறது. ஆன் செய்த கணத்தில் ஒரேயடியாகப் பாயும் மின்சாரத்தைத் தடுக்க, சூட்டுக்கு ஏற்பத் தடை மாறும் தெர்மிஸ்டர் ஒன்றை வைத்திருப்பார்கள். அதன் வேலை முடிந்ததும் அந்த ரிலே அதை ஒதுக்கிவிடுகிறது. ஆனால் அதே டக் நொடிக்கு ஒரு தடவை திரும்பத் திரும்ப வந்து, ஃபேன் கொஞ்சம் துடித்து நின்று, மறுபடி துடித்து நின்றால் அர்த்தம் முற்றிலும் வேறு. எங்கோ ஷார்ட் இருக்கிறது, எஸ்.எம்.பி.எஸ். தன்னைக் காத்துக்கொள்ள மூடிக்கொண்டு மறுபடி முயன்று பார்க்கிறது. இந்த நிலையில் பெட்டியைக் குறை சொல்லக் கூடாது. அது தன் கடமையைச் செய்கிறது. பழுது மதர்போர்டிலோ, கிராபிக்ஸ் கார்டிலோ, நசுங்கிய ஒரு யு.எஸ்.பி. முனையிலோகூட இருக்கலாம்.

மூன்றாவது கேள்வி, எங்கிருந்து. கேபினட் என்பது தகரப் பெட்டி. உள்ளே எங்கு சத்தம் பிறந்தாலும் எல்லாப் பக்கமும் அதிரும். காதை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். காலண்டர் சுருட்டி வரும் அட்டைக் குழாய் ஒன்று என்னிடம் பல வருடமாக இருக்கிறது. ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையைப் பெட்டியின் வெளியே ஒவ்வோர் இடமாக நகர்த்துவேன். பின்பக்கம் காற்று வரும் சல்லடை, பக்கவாட்டு, முன்பக்கம் ஹார்டு டிஸ்க் இருக்கும் இடம். உள்ளே எதையும் நுழைக்க வேண்டியதில்லை. பிறகு உள்ளங்கையைக் கேபினட்டின் மேல் அழுத்தி வைப்பேன். அழுத்தியதும் சத்தம் மாறினால் அது அதிர்வு. எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் பின்பக்கம் பிடித்திருக்கும் நான்கு ஸ்க்ரூவில் ஒன்று தளர்ந்திருக்கும், அல்லது மூடி சரியாக உட்கார்ந்திருக்காது. ஒரு ஸ்க்ரூவை இறுக்கி முடிந்துபோன பழுதுகள் என் கணக்கில் ஏராளம்.

ஹார்டு டிஸ்க்கைப் பற்றி ஒரு வார்த்தை. டக், டக், டக் என்று ஒரே சீராக வந்து, கம்ப்யூட்டர் உறைந்து நின்றால் டிஸ்க்கைப் படிக்கும் ஹெட் இடம் தெரியாமல் திரும்பத் திரும்ப ஆரம்ப இடத்துக்கே போகிறது என்று அர்த்தம். முதல் வேலை உள்ளே இருப்பதைக் காப்பி எடுப்பது. ஆனால் அவசரப்பட்டு டிஸ்க்கின் மேல் பழி போடவும் கூடாது. எஸ்.எம்.பி.எஸ். தரும் 12 வோல்ட் தள்ளாடினாலும் நல்ல டிஸ்க் சுற்றுவதை நிறுத்தி மறுபடி தொடங்கும், அப்போதும் அதே டக்தான் கேட்கும். நல்லது என்று தெரிந்த வேறொரு எஸ்.எம்.பி.எஸ்.ஸில் மாட்டிப் பார்த்தால்தான் குற்றவாளி யார் என்று தெரியும். டிக்டிக்டிக் என்று வேகமாக, ஃபேன் வேகம் கூடினால் கூடவே வேகம் கூடும் சத்தம் என்றால், ஏதோ ஒரு வயர் ஃபேனின் இறக்கையில் உரசுகிறது. கேபினட்டின் பக்கவாட்டைத் திறந்து வயரை ஒதுக்கிக் கட்டினால் போதும். அதை யாரும் செய்யலாம். கேபினட்டின் கதவைத் திறப்பது வேறு, எஸ்.எம்.பி.எஸ்.ஸின் மூடியைத் திறப்பது வேறு. தங்கள் பதிலில் இந்த இரண்டும் ஒன்றாகக் குழம்பியிருந்தன.

கீச்சொலியால் அலைக்கழிந்தவர்கள்தான் அதிகம் என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஓர் அம்மா தன் மகனோடு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தார். பையனுக்கு ஒன்பது பத்து வயதிருக்கும். "இவன்தாங்க சத்தம் வருது, சத்தம் வருதுன்னு சொல்றான். எனக்கும் இவங்கப்பாவுக்கும் ஒண்ணும் கேக்கல. படிக்காம இருக்க சாக்கு சொல்றானோன்னு அதட்டிக்கூடப் பாத்துட்டேன்" என்றார். பெட்டியை மேஜையில் வைத்து ஆன் செய்தேன். எனக்கும் ஃபேன் காற்றைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. பையன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். போனில் ஒலி அளக்கும் செயலியைத் திறந்து எஸ்.எம்.பி.எஸ். பக்கம் பிடித்தேன். 15,000 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் ஒரு கோடு ஊசி மாதிரி நிமிர்ந்து நின்றது. ஸ்விட்சை அணைத்தேன், கோடு படுத்துவிட்டது. பையன் கையை எடுத்துவிட்டான். நான்கைந்து தடவை அவனைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு ஸ்விட்சைப் போட்டுப் போட்டு அணைத்தேன். ஒவ்வொரு தடவையும் சரியாகச் சொன்னான். அந்த அம்மா ஒன்றும் பேசாமல் பையனின் தலையைத் தடவிக்கொடுத்தார்.

மனிதக் காது கேட்பது ஏறக்குறைய 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை. வயது ஏற ஏற மேல்பக்கம்தான் முதலில் தேய்கிறது. எங்கள் காதுக்கு எட்டாதது பிள்ளைகளின் காதைத் துளைக்கும். அதனால் பிள்ளை சத்தம் என்று சொன்னால் நம்புங்கள்.

இந்தச் சத்தம் ஏன் வருகிறது? எஸ்.எம்.பி.எஸ். என்பதன் விரிவு ஸ்விட்ச்டு மோட் பவர் சப்ளை. உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர்கள் நொடிக்குப் பல்லாயிரம் தடவை மின்சாரத்தை வெட்டி வெட்டி அனுப்புகின்றன. பொதுவாக அந்த வேகம் காதுக்கு எட்டாத உயரத்தில் இருக்கும். வேலை குறைவாக இருக்கும்போது மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காகச் சில பெட்டிகள் விட்டு விட்டு வெட்டுகின்றன, அப்போது அந்தத் தாளம் காதுக்கு எட்டும் எல்லைக்குள் இறங்கிவிடுகிறது. ஒவ்வொரு வெட்டுக்கும் காயிலில் காந்தப்புலம் ஏறி இறங்கும், செம்புக் கம்பியும் ஃபெரைட் மையமும் மயிரிழை அளவு அதிரும். தளர்வாகச் சுற்றிய காயில், மீட்டிய தந்தி மாதிரி பாடும். இறுக்கமாகச் சுற்றி வார்னிஷிலோ பசையிலோ பதித்த காயில் பாடாது. செராமிக் கெப்பாசிட்டர்களும் மின்னழுத்தம் மாறும்போது சுருங்கி விரியும் குணம் உள்ளவை, அவையும் சில சமயம் கூடச் சேர்ந்துகொள்ளும். பெரும்பாலும் இது பழுது அல்ல, ஆயுளையும் குறைக்காது. ஆனால் காதுக்குத் தொந்தரவுதான், அதைத் தாங்கிக்கொள் என்று யாருக்கும் சொல்ல எனக்கு மனம் வராது.

இன்னொன்று. கீச்சொலி என்றாலே எஸ்.எம்.பி.எஸ். என்று முடிவு கட்டாதீர்கள். ஒரு கல்லூரி மாணவர் ஒரே சத்தத்துக்காக இரண்டு எஸ்.எம்.பி.எஸ். மாற்றிவிட்டு மூன்றாவதாக என்னிடம் வந்தார். விளையாட்டைத் திறந்து முகப்புப் பக்கத்தில் நிறுத்தச் சொன்னேன். அசையாத படம்தான், ஆனால் கிராபிக்ஸ் கார்டு அதை நொடிக்கு ஆயிரம் தடவைக்கு மேல் வரைந்துகொண்டிருந்தது. கீச்சொலி உச்சத்தில் இருந்தது. செட்டிங்ஸில் நொடிக்கு 60 பிரேம் என்று வரம்பு வைத்ததும் சத்தம் சட்டென்று அடங்கியது. பாடியது கிராபிக்ஸ் கார்டின் காயில். "இதுக்கா அண்ணே ரெண்டு தடவை மாத்தினேன்?" என்று அவர் கேட்டபோது எனக்குக் கோபம் அவர் மேல் வரவில்லை. ஒரு கேள்வியும் கேட்காமல் மாற்றிக்கொடுத்தவர்கள் மேல்தான் வந்தது.

ஙொய்யென்று வரும் ரீங்காரம் கீழ்ச்சுருதிச் சத்தம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் ஒரு சுற்றில் இரண்டு தடவை உச்சம் தொடுவதால் இரும்பு மையம் நொடிக்கு 100 தடவை அதிரும். பழைய எஸ்.எம்.பி.எஸ். சிலவற்றில் பவர் ஃபேக்டருக்காகவே கனமான இரும்புக் காயில் ஒன்று வைத்திருப்பார்கள், அவை பிறவியிலேயே ரீங்கரிக்கும். ரீங்காரம் யு.பி.எஸ். பேட்டரியில் ஓடும்போது மட்டும் வருகிறதா என்று பாருங்கள். பல யு.பி.எஸ்.கள் பேட்டரியில் தருவது வளைவான அலை அல்ல, படிக்கட்டு மாதிரியான அலை. எஸ்.எம்.பி.எஸ். அதை விரும்பாமல் உறுமும். நேராகச் சுவர் பிளக்கில் மாட்டியதும் சத்தம் போய்விட்டால் காரணம் தெரிந்துவிட்டது.

காற்றுச் சத்தம் மட்டும் பெரிதாக இருந்தால் தூசியைப் பாருங்கள். இப்போது வரும் பல கேபினட்களில் எஸ்.எம்.பி.எஸ். அடியில் உட்கார்ந்து கீழிருந்து காற்றை இழுக்கிறது. கேபினட்டைக் கம்பளத்தின் மேல் வைத்தால் மூக்கைப் பொத்தியது மாதிரிதான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு வெளியிலிருந்தே பிரஷாலும் ஊதியாலும் சுத்தம் செய்யலாம். திறக்க வேண்டியதில்லை.

இப்போது சடசட.

சில வருடங்களுக்கு முன் ஓர் இரவு, எனக்கு நெடுநாள் பழக்கமான ஓர் அக்கா போன் செய்தார். வீட்டிலிருந்தே டைப்பிங் வேலை செய்கிறவர். "தம்பி, பெட்டியில என்னமோ சத்தம் வருதுப்பா" என்றார். நான் கடையைப் பூட்டிக்கொண்டிருந்தேன். "ஃபேனா இருக்கும்க்கா, நாளைக்குக் கொண்டுவாங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். அவ்வளவுதான் பேச்சு. என்ன சத்தம் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் மறுநாள் சொன்னதை அன்றே சொல்லியிருப்பார்: "காஞ்ச சருகை மிதிக்கிற மாதிரி சடசடன்னு வந்துச்சு தம்பி. நடுநடுவுல உஸ்ஸுன்னு ஒரு சீறல். ஏதோ தீஞ்ச வாடை வேற. நீ ஃபேன்னு சொன்னதால வேலைய முடிச்சிரலாம்னு உக்காந்துட்டேன்."

சடசட என்பது பொறி பறக்கும் சத்தம். விரிந்துபோன ஈயப் பற்றுக்கும் காலுக்கும் நடுவில், அல்லது தூசியும் ஈரமும் படிந்த போர்டின் மேல், உயர் மின்னழுத்தம் தாண்டித் தாண்டிக் குதிக்கிறது. உஸ் என்பது கெப்பாசிட்டர் தலை வெடித்து உள்ளிருக்கும் திரவம் ஆவியாகிற சத்தம். அன்று இரவு அது பட்டென்று வெடித்து நின்றபோது 12 வோல்ட் லைனில் போகக் கூடாத அளவு மின்னழுத்தம் போய்விட்டது. அது மலிவான பெட்டி, அதைத் தடுக்கும் பாதுகாப்புச் சுற்று அதில் இல்லை. மதர்போர்டு கருகியது, ஹார்டு டிஸ்க்கின் போர்டும் கருகியது. அதே டிஸ்க்கில்தான் காலமாகிவிட்ட அவர் கணவரின் குரல் பதிவுகள் இருந்தன. வேறெங்கும் பிரதி இல்லை. டேட்டா மீட்கிறவர்களிடம் அனுப்பினேன். பாதி வந்தது. அந்தப் பதிவுகள் வரவில்லை.

அக்கா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்றும் என்னிடம்தான் வேலைக்கு வருகிறார். ஆனால் அன்றிலிருந்து மேஜையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். போனில் யார் சத்தம் என்று சொன்னாலும், அவர் வாயால் போட்டுக் காட்டியதை அப்படியே எழுதிக்கொள்கிறேன். பக்கத்தில் எப்போது, எவ்வளவு நாளாக, வாடை உண்டா என்று மூன்று கட்டம். வாடை என்ற கட்டத்தில் ஆம் என்று விழுந்தால் மற்ற இரண்டையும் நிரப்புவதில்லை, பிளக்கைப் பிடுங்கச் சொல்லிவிடுகிறேன்.

தொழில் செய்கிற சக நண்பர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒன்று. 24 முள் கனெக்டரில் பச்சை வயரையும் கருப்பு வயரையும் இணைத்து ஃபேன் சுற்றினால் எஸ்.எம்.பி.எஸ். நல்லது என்று சொல்லி அனுப்புகிறோம். அது ஆன் ஆகிறது என்பதற்கு மட்டும்தான் சாட்சி. கம்ப்யூட்டர் வேலை செய்துகொண்டிருக்கும்போது மீட்டர் வைத்துப் பாருங்கள். 12 வோல்ட் லைன் 11.4-க்குக் கீழேயும் 12.6-க்கு மேலேயும் போகக் கூடாது. 5 வோல்ட் லைன் 4.75 முதல் 5.25-க்குள் நிற்க வேண்டும். மீட்டர் சரியாகக் காட்டினாலும் சிற்றலை, அதாவது நேர்மின்சாரத்தின் மேல் கலந்திருக்கும் சின்ன ஏற்ற இறக்கம், தெரியாது. 12 வோல்ட்டில் 120 மில்லிவோல்ட், 5 வோல்ட்டில் 50 மில்லிவோல்ட் என்ற வரம்பைத் தாண்டுகிறதா என்று பார்க்க, மின்னழுத்தத்தின் அலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப் வேண்டும். அது இல்லாதவர்கள் வேறொரு நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாட்டி, அதே வேலையை, அதே நேரம் ஓடவிட்டுக் கேளுங்கள். வாங்குகிறவர்களுக்கும் சொல்கிறேன், பெட்டியின் மேல் இருக்கும் 80 பிளஸ் முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைப் பற்றியது. சத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

ஆசிரியர் அவர்களே, அந்தப் பதிலுக்கு ஒரு திருத்தம், அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். என் கடிதம் நீளமென்றால் சுருக்கிக்கொள்ளுங்கள், மூடியைத் திறக்காதீர்கள் என்ற வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அந்தப் பதிலைப் படித்துவிட்டு ஏற்கெனவே மூடியைக் கழற்றி வைத்திருப்பவர் யாராவது இருந்தால் அவருக்கு: உள்ளே விரலையோ, ஸ்க்ரூடிரைவரையோ, பிரஷையோ வைக்காதீர்கள். போர்டைத் தூக்கிப் பார்க்காதீர்கள். பவர் கார்டு பிடுங்கியே இருக்கட்டும். பெட்டியின் வெளித்தகரத்தை மட்டும் பிடித்து மூடியைப் பழையபடி வைத்து நான்கு ஸ்க்ரூவையும் போட்டுவிடுங்கள். பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டு, தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூப்பிட்டு, அந்தச் சத்தத்தைக் கூச்சப்படாமல் வாயால் போட்டுக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்,
கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர்